அடுக்குக்கு அடுக்கு திரும்பும் எண்

பிளஸ் டூ கணக்கில் கலப்பெண்கள் பாடம் வந்தால் (1 + ஐ)¹⁰⁰ மாதிரி ஒரு கணக்கு எப்படியும் வந்துவிடும். வர்க்கப்படுத்தினால் −1 தருகிற அந்த எண்ணை, வகுப்பில் வாயால் சொல்கிறபடியே ‘ஐ’ என்று இந்தப் பதிவில் எழுதுகிறேன். பிள்ளைகள் தயங்காமல் போட்டுவிடுவார்கள். மட்டு √2, வீச்சு 45 டிகிரி. டி மாய்வர் தேற்றப்படி மட்டுவை நூறாம் அடுக்குக்கு உயர்த்து, வீச்சை நூறால் பெருக்கு. 4500 டிகிரி வரும். அதில் பன்னிரண்டு முழுச் சுற்றுக்கு 4320 போனால் மிச்சம் 180. ஆக விடை −2⁵⁰. முழுசாக எழுதினால் −1,12,58,99,90,68,42,624. நாலு வரி, முழு மதிப்பெண்.

இந்தக் கணக்கின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. 1 + ஐ ரொம்பவும் இணக்கமான எண். வர்க்கப்படுத்தினால் 2ஐ. அதை இன்னொரு தடவை வர்க்கப்படுத்தினால் −4. நூறாம் அடுக்கு என்பது −4-இன் இருபத்தைந்தாம் அடுக்கு, முடிந்தது வேலை. துருவ வடிவம் இல்லாமலே விடை வந்துவிடுகிறது. இதைக் கவனித்த மாணவனுக்கு ‘பெரிய அடுக்கு வந்தால் பயன்படுகிற ஒரு குறுக்கு வழி’ என்பதாகத்தான் துருவ வடிவம் மனதில் பதியும். அப்படிப் பதிவது தப்பு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். கலப்பெண்களைப் பெருக்குவது என்றாலே சுழற்றுவதும் நீட்டுவதும்தான். செவ்வக வடிவம் அதை மறைத்து வைக்கிறது, துருவ வடிவம் திறந்து காட்டுகிறது. அடுக்கு என்பது அதே சுழற்றலைத் திரும்பத் திரும்பச் செய்வது.

அதனால் இங்கே 1 + ஐ வேண்டாம். 2 + ஐ என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கோணம் 30, 45, 60 என்று வராது. ஆனால் இந்த ஓர் எண்ணுக்குள் நானூற்றைம்பது வருடக் கணக்கு வரலாறு ஒளிந்திருக்கிறது.

ஒரு வரைபடத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் இரண்டு கட்டம், மேலே ஒரு கட்டம், அங்கே ஒரு புள்ளி: அதுதான் 2 + ஐ. தன்னோடு தன்னைப் பெருக்கினால் 3 + 4ஐ. மறுபடி 2 + ஐ-யால் பெருக்கினால் 2 + 11ஐ. அடுத்தது −7 + 24ஐ. அதற்கடுத்தது −38 + 41ஐ. ஆறாவது −117 + 44ஐ. எண்களாகப் பார்த்தால் இதில் ஒழுங்கு எதுவும் தெரியாது. மெய்ப்பகுதி 2, 3, 2, −7, −38, −117. முதலில் ஏறுகிறது, அப்புறம் இறங்குகிறது, பிறகு குறைப்பக்கம் பாய்கிறது. கற்பனைப்பகுதியோ 41 வரை ஏறிவிட்டு 44-இல் தயங்கி நிற்கிறது. அடுத்து என்ன வரும் என்று இந்தப் பட்டியலை மட்டும் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது.

புள்ளிகளைத் தாளில் குறித்து, மையத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டுப் பாருங்கள். முதல் கோடு அடித்தளத்திலிருந்து 26.565 டிகிரி. இரண்டாவது 53.13. மூன்றாவது 79.695. நான்காவது 106.26. ஒவ்வொரு கோடும் முந்தியதிலிருந்து அதே 26.565 டிகிரி திரும்பியிருக்கிறது, துளியும் கூடக் குறைய இல்லை. நீளமும் அப்படியே: √5, 5, 5√5, 25. ஒவ்வொரு தடவையும் √5 மடங்கு. அவ்வளவு குழப்பமாகத் தெரிந்த எண்கள் ஒரே சீராக விரிகிற சுருளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன.

என் அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்விதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

“சித்தப்பா, பெருக்கும்போது நீளத்தைப் பெருக்குறோம், சரி. கோணத்தை மட்டும் எதுக்குக் கூட்டணும்? அதையும் பெருக்கத்தானே செய்யணும்?”

“புத்தகத்துல நிரூபணம் இருக்கேம்மா.”

“இருக்கு. கொசைன் ஏ ப்ளஸ் பி ஃபார்முலா போட்டு வருது. வருதுன்னு தெரியுது. ஏன் வருதுன்னு தெரியலை.”

அவள் சொன்னது நியாயம். முக்கோணவியல் சூத்திரத்தைக் கொண்டுவந்து இதை நிரூபித்தால், அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி நிற்கும். அவளுக்கு நான் காட்டியது வேறு வழி. சூத்திரமே வேண்டாம், ஒரே ஒரு செய்தி போதும்: ஐ-யால் பெருக்கினால் எந்தப் புள்ளியும் இடப்பக்கமாகச் சரியாக 90 டிகிரி திரும்பும். 3 + 4ஐ என்ற எண்ணோடு ஐ-யைப் பெருக்கினால் −4 + 3ஐ. வலது 3 மேலே 4 என்றிருந்தது, இடது 4 மேலே 3 என்று ஆகிவிட்டது. தாளையே கால் சுற்று திருப்பினால் அந்தப் புள்ளி எங்கே போகுமோ அங்கேதான் இது போயிருக்கிறது. நீளம் மாறவில்லை.

இனி 3 + 4ஐ என்ற எண்ணை 2 + ஐ-யால் பெருக்குவோம். அதாவது அதை இரண்டு மடங்காக்கி, அதோடு அதன் ஐ மடங்கைக் கூட்ட வேண்டும். இரண்டு மடங்கு 6 + 8ஐ. மையத்திலிருந்து அதே திசையில் நேராகப் பத்து அலகு நடந்தாயிற்று. இப்போது ஐ மடங்கு, −4 + 3ஐ. நின்ற இடத்தில் இடப்பக்கம் செங்குத்தாகத் திரும்பி ஐந்து அலகு நடக்க வேண்டும். போய்ச் சேருமிடம் 2 + 11ஐ. நடந்த பாதையைப் பாருங்கள். பத்துக்கு ஐந்து என்ற செங்கோண முக்கோணம். நாம் தொடங்கிய 2 + ஐ-யும் இரண்டுக்கு ஒன்று என்ற செங்கோண முக்கோணம்தான். இரண்டும் ஒரே வடிவம், ஒன்று மற்றதைப்போல ஐந்து மடங்கு பெரிது. சின்ன முக்கோணம் அடித்தளத்தில் படுத்திருக்கிறது. பெரிய முக்கோணம் 3 + 4ஐ போகிற திசையில் சாய்ந்து படுத்திருக்கிறது. மையத்தில் இரண்டுக்கும் ஒரே கோணம். ஆகவே 53.13-இன் மேல் 26.565 ஏறி உட்காருகிறது. கோணம் ஏன் கூடுகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நீளம் ஏன் பெருகுகிறது என்பதும் இதே படத்தில் இருக்கிறது, முக்கோணம் ஐந்து மடங்கு பெரிதாகிவிட்டதே!

அவள் தாளைத் திருப்பிக்கூட வைத்துப் பார்த்தாள். “அப்ப கொசைன் ஏ ப்ளஸ் பி ஃபார்முலாவை இதுலேர்ந்தே எடுத்துக்கலாமே” என்றாள். எடுத்துக்கொள்ளலாம். நீளம் ஒன்றாக இருக்கிற ஓர் எண்ணை எடுத்து வர்க்கப்படுத்தினால் இரட்டைக் கோணச் சூத்திரங்கள் இரண்டும் ஒன்றாக வந்து விழும். கனப்படுத்தினால் மூன்று மடங்குக் கோணம்: கொசைனின் கனத்தை நான்கால் பெருக்கி, அதிலிருந்து மூன்று கொசைனைக் கழித்தால் மூன்று மடங்குக் கோணத்தின் கொசைன். இதை மனப்பாடம் செய்து மறந்து, மறுபடி மனப்பாடம் செய்த தலைமுறைகள் நாம்.

தேற்றத்துக்குப் பெயர் கொடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவர் வாழ்க்கை பாடப்புத்தகத்தில் வருவதில்லை. ஆபிரகாம் டி மாய்வர் 1667-இல் பிரான்சில் வித்ரி என்ற ஊரில் பிறந்தவர். சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பம். 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் அந்தச் சபையினருக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தார். டி மாய்வர் அடைத்து வைக்கப்பட்டு, பிறகு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவருக்கு ஒரு பல்கலைக்கழக வேலை கிடைக்கவே இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், காபிக் கடையில் உட்கார்ந்து சூதாட்ட நிகழ்தகவுக் கணக்குகளுக்கு விடை சொல்லிப் பணம் வாங்கினார். நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ கைக்கு வந்தபோது, அந்தப் பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல், தாள் தாளாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் படித்தாராம். பின்னால் அதே நியூட்டன், தன்னிடம் சந்தேகம் கேட்டு வந்தவர்களை டி மாய்வரிடம் அனுப்பி வைத்ததாகச் சொல்வார்கள். டியூஷன் எடுத்துப் பிழைக்கிற யாருக்கும் இவரிடம் ஒரு பாசம் வரும். எனக்கு உண்டு.

தேற்றத்தை இன்று நாம் எழுதுகிற வடிவத்தில் அவர் எழுதவில்லை. 1707-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒற்றைப்படை அடுக்குச் சமன்பாடுகளைத் தீர்ப்பது பற்றியது, தேற்றத்தின் விதை அதில் இருக்கிறது. இன்றைய வடிவில் தெளிவாக எழுதி வைத்தவர் ஆய்லர், 1748-இல் வெளிவந்த ஒரு நூலில். கொசைனையும் சைனையும் அடுக்குக்குறிச் சார்போடு முடிச்சுப் போட்ட அவருடைய புகழ்பெற்ற சூத்திரமும் அதே நூலில்தான். அதை ஏற்றுக்கொண்டால் டி மாய்வர் தேற்றம் அடுக்குக்குறி விதியாகவே சுருங்கிவிடுகிறது: கோணம் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, பெருக்கும்போது அடுக்குகள் கூடும், ஆகவே கோணங்கள் கூடும்.

ஆய்லரின் இந்தச் சூத்திரத்துக்குக் கும்பகோணத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ராமானுஜன், லோனி எழுதிய முக்கோணவியல் நூலின் இரண்டாம் பாகத்தை வாங்கிப் படித்து முடித்தார். சைன், கொசைன் பற்றிய ஆய்லரின் முடிவுகளை அந்த வயதில் தானாகவே கண்டுபிடித்தாராம். இவை முன்பே தெரிந்தவை என்று பிறகு அறிந்ததும், எழுதி வைத்திருந்த தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்துவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பையனுக்கு அன்று எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. யாரும் சொல்லித் தராமல் ஆய்லர் போன இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறான்.

தேர்வு எழுதுகிறவர்களுக்காக இங்கே இரண்டு விஷயம். முதலாவது, வீச்சு காண கால்குலேட்டரில் டேன் தலைகீழ் அழுத்தினால் 2 + ஐ-க்கும் −2 − ஐ-க்கும் ஒரே விடைதான் வரும், 26.565. ஏனென்றால் இரண்டிலும் கற்பனைப்பகுதியை மெய்ப்பகுதியால் வகுத்தால் அரைதான். புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று படம் போட்டுப் பார்க்காமல் வீச்சு எழுதக் கூடாது. இந்தப் பிழைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அடுக்கு இரட்டைப்படையாக இருந்தால் பிழை தானாகவே மறைந்துவிடும். 180 டிகிரி தவறை இரட்டைப்படை எண்ணால் பெருக்கினால் முழுச் சுற்றுகளாகிவிடும். −2 − ஐ-யின் வர்க்கமும் 3 + 4ஐ தானே. வீட்டுப்பாடத்தில் இரட்டைப்படை அடுக்குகளாகப் போட்டுச் சரியாக வந்துகொண்டே இருக்கும், தேர்வில் ஏழாம் அடுக்கு வந்து காலை வாரிவிடும்.

இரண்டாவது, கோணத்தைத் தோராயமாக்குவது. 2 + ஐ-யின் நூறாம் அடுக்கு எந்தத் திசையில் இருக்கும்? 26.57 என்று எழுதிக்கொண்டு நூறால் பெருக்கினால் 2657, ஏழு சுற்று போக மிச்சம் 137. உண்மையான கோணம் 26.56505. நூறால் பெருக்கி ஏழு சுற்றைக் கழித்தால் 136.505. ஆயிரத்தில் ஐந்து பங்கு டிகிரியாக இருந்த பிழை அரை டிகிரியாக வளர்ந்துவிட்டது. மட்டுவோ 5⁵⁰. அவ்வளவு தொலைவில் அரை டிகிரி என்பது மலையளவு பிழை. ஆக 30, 45, 60 இல்லாத கோணத்துக்கு முழு எண் விடை வேண்டுமென்றால் துருவ வடிவம் ஏற்றதல்ல என்பேன். திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்துவதுதான் நல்லது. ஐந்தாம் அடுக்கு −38 + 41ஐ, அதை வர்க்கப்படுத்தினால் பத்தாம் அடுக்கு −237 − 3116ஐ. துருவ வடிவத்தில் சரிபாருங்கள்: நீளம் 3125, கோணம் 265.65. நேர்கீழ்த் திசைக்குக் கொஞ்சம் முன்னால். பொருந்துகிறது.

மட்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் அடுக்கு ஏற ஏற எண் சுருளாக வெளியே போகும். ஒன்றுக்குக் கீழ் இருந்தால் சுருண்டு மையத்துக்குள் போகும். எதிர்ம அடுக்கு என்றால் அதே பாதையில் பின்னால் நடப்பது. ஒலிப்பதிவுக் கருவிகளில் எதிரொலி தேய்ந்து அடங்குவதும், அடங்காமல் வீறிட்டுக் கிளம்புவதும் இந்த ஒன்றுக்கு மேலா கீழா என்ற கேள்வியில்தான் போய் நிற்கின்றன.

இனித் திரும்பி நடப்போம். அடுக்கு ஏற்றுவது எளிது, மூலம் எடுப்பதில்தான் சுவை.

1545-இல் கார்டானோ முப்படிச் சமன்பாட்டுக்கு ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அப்படி ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம், x-க்குப் பதில் ‘தேடும் எண்’ என்று சொல்லிக்கொள்வோம்: தேடும் எண்ணின் கனம், அதன் பதினைந்து மடங்கோடு நான்கைக் கூட்டியதற்குச் சமம். விடை 4 என்று கண்ணாலேயே தெரிகிறது: 64 = 60 + 4. ஆனால் சூத்திரத்தில் போட்டால் 2 + √−121 என்பதன் கனமூலமும் 2 − √−121 என்பதன் கனமூலமும் சேர்ந்தது விடை என்று வருகிறது. பச்சையான முழு எண் 4, அது இப்படி ஒரு வேடத்தில் வந்து நிற்கிறது. இத்தாலியில் சதுப்பு நிலங்களை வடித்துச் சீர்செய்யும் பொறியாளராக வேலை பார்த்த ரஃபேல் பொம்பெல்லி இதை விடவில்லை. 1572-இல் வெளிவந்த தன் இயற்கணித நூலில், 2 + √−1 என்பதை மூன்று முறை பெருக்கினால் 2 + √−121 வரும் என்று காட்டினார். √−121 என்பது 11ஐ. நம் பட்டியலில் மூன்றாவதாக வந்ததே 2 + 11ஐ, அதேதான். ஆக கனமூலங்கள் 2 + ஐ, 2 − ஐ. இரண்டையும் கூட்டினால் 4. கற்பனைப்பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. கலப்பெண்களை யாரும் வேண்டுமென்று உருவாக்கவில்லை, மெய்யான விடைக்குப் போகும் வழியிலேயே அவை குறுக்கிட்டன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பொம்பெல்லியிடம் துருவ வடிவம் இல்லை. நம்மிடம் இருக்கிறது, அதை வைத்து அவருக்கும் மேலே ஒரு படி போகலாம். 2 + 11ஐ-யின் நீளம் 5√5, கோணம் 79.695. கனமூலம் என்றால் நீளத்துக்குக் கனமூலம், கோணத்தில் மூன்றில் ஒன்று. √5, 26.565. நம் 2 + ஐ திரும்பக் கிடைத்தது. ஆனால் 79.695 டிகிரி என்பதும், ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வருகிற 439.695 என்பதும் ஒரே திசைதானே? அதில் மூன்றில் ஒன்று 146.565. இரண்டு சுற்று சுற்றி வந்தால் 799.695, மூன்றில் ஒன்று 266.565. அடுக்கு ஏற்றும்போது ஒட்டியிருக்கிற இந்த உபரிச் சுற்றுகளால் எந்த வித்தியாசமும் இல்லை. 360-ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் முழுச் சுற்றுதான். மூலம் எடுக்கும்போது அவையே உயிர்பெற்று எழுகின்றன, மூன்றால் வகுபட்ட சுற்று 120 டிகிரியாக நிற்கிறது. ஓர் எண்ணுக்கு மூன்று கனமூலங்கள் ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த உபரிச் சுற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் மூலம் காணும்போது வீச்சோடு 360-இன் மடங்கைச் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். சடங்காக நினைத்து அதை விட்டுவிடுகிற பிள்ளைகளுக்கு ஒரு மூலம் கிடைக்கும், மற்ற இரண்டும் தொலைந்துபோகும்.

அந்த மூன்று கோணங்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் கொசைனையும் 2√5 ஆல் பெருக்குங்கள். 26.565-க்கு 4. 146.565-க்கு −3.732, அதாவது −2 − √3. 266.565-க்கு −0.268, அதாவது −2 + √3. சமன்பாட்டின் மூன்று மூலங்களும் வந்துவிட்டன! கண்ணுக்குத் தெரிந்த 4-க்குப் பின்னால் இருந்த மற்ற இரண்டையும் உபரிச் சுற்றுகள் கொண்டுவந்து கொடுத்தன. இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சி குறைவதே இல்லை.

எண்ணைத் தளத்தில் ஒரு புள்ளியாகப் போட்டு, நீளமும் கோணமுமாகப் பார்க்கலாம் என்று தெளிவாக எழுதிய முதல் ஆள் பேராசிரியர் அல்லர், நில அளவையாளர். நார்வேயில் பிறந்து டென்மார்க்கில் வேலை பார்த்த காஸ்பர் வெஸ்ஸல், 1797-இல் கோபன்ஹேகனில் அறிவியல் கழகத்தின் முன் தன் கட்டுரையை வைத்தார். 1799-இல் அது அச்சானது. டேனிஷ் மொழியில் இருந்ததால் ஏறக்குறைய நூறு வருடம் யாரும் கவனிக்கவில்லை. 1806-இல் பாரிஸில் ஆர்கன் தனியாக அதே யோசனையை வெளியிட்டார், படத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க நிலத்தில் சங்கிலி பிடித்துத் தூரமும் கோணமும் அளக்கிற ஒருவருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

முழு எண் அல்லாத அடுக்குகளைப் பற்றி விரிவாகப் பேசினால் பதிவு முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐ-யை ஐ-யாம் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பது மெய்யெண், ஏறத்தாழ 0.2079. உபரிச் சுற்றுகளை இங்கேயும் சேர்த்தால் இதற்கு முடிவில்லாத எண்ணிக்கையில் மதிப்புகள் உண்டு, எல்லாமே மெய்யெண்கள். ஆய்லரே இதைக் கண்டு வியந்திருக்கிறார்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அண்ணன் மகள்தான் இதையும் கிளப்பினாள். 1 + ஐ எட்டாவது அடுக்கில் மறுபடி அடித்தளத்துக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் எட்டு 45 முழுச் சுற்று. “2 + ஐ எத்தனையாவது அடுக்குல திரும்பி வரும்?” என்றாள். இரட்டைப்படை அடுக்குகளைப் பார்த்தால் போதும், ஒற்றைப்படை அடுக்கில் வந்தால் அதன் வர்க்கமும் வரும். ஆகவே கேள்வியை 3 + 4ஐ-க்கு மாற்றிக்கொள்ளலாம். நம் எல்லோருக்கும் தெரிந்த மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம். அதன் கோணம் 53.13 டிகிரி. இதை எத்தனை முறை கூட்டினால் 360-இன் சரியான மடங்கு வரும்?

கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கோணங்களைக் கூட்டிக்கொண்டே போனாள். ஏழாவதில் 371.9 வந்தது, கிட்டே கூட இல்லை. இன்னும் போனால் எங்கேயோ 360-இன் மடங்குக்கு மிக அருகில் வருவதும் உண்டு. அருகில் வருவது வேறு, அதிலேயே நிற்பது வேறு. தசமங்களைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. இவ்வளவு நேரம் புகழ்ந்த துருவ வடிவம் இந்த இடத்தில் கைகொடுக்காது. இவ்வளவு நேரம் குறை சொன்ன செவ்வக வடிவம் இரண்டே வரியில் தீர்த்துவிடும்.

3 + 4ஐ-யின் அடுக்குகளை வரிசையாக எழுதுங்கள்: 3 + 4ஐ, −7 + 24ஐ, −117 + 44ஐ, −527 − 336ஐ. ஒவ்வொரு பகுதியையும் ஐந்தால் வகுத்து மீதியைப் பாருங்கள். −7-இலிருந்து −10 போனால் மீதி 3. 24-இல் மீதி 4. −117-இலிருந்து −120 போனால் மீதி 3. 44-இல் 4. −527-இலிருந்து −530 போனால் 3. −336-இலிருந்து −340 போனால் 4. எப்போதும் 3, 4. தற்செயல் இல்லை. இரண்டாம் அடுக்கில் மீதி மறுபடி 3, 4 என்றே வந்துவிட்டதால், அதன்பின் ஒவ்வொரு பெருக்கலும் அதே மீதியைத்தான் தரும். இப்போது ஏதோ ஓர் அடுக்கில் கோணம் முழுச் சுற்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீளம் ஐந்தின் அடுக்கு, ஆகவே அந்த எண் ஐந்தின் அடுக்காகவே இருக்க வேண்டும். ஐந்தால் வகுத்தால் இரண்டு பகுதியிலும் மீதி பூஜ்யம் வர வேண்டும். வருவது 3, 4. ஆக அது நடக்காது, எத்தனையாவது அடுக்கிலும் நடக்காது. மூன்று, நான்கு, ஐந்து முக்கோணத்தின் கோணத்தை எத்தனை முறை கூட்டினாலும் முழுச் சுற்றில் போய் நிற்காது.

போகிற போக்கில் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் பாருங்கள்: 7, 24, 25. 44, 117, 125. 336, 527, 625. எல்லாமே பிதாகரஸ் மும்மைகள், அடுக்கு ஏற ஏறத் தானாகவே வந்து விழுகின்றன.

5, 12, 13 முக்கோணத்துக்கு இதே கேள்வியை நீங்களே போட்டுப் பாருங்கள். 5 + 12ஐ-யின் அடுக்குகளைப் பதிமூன்றால் வகுத்தால் மீதி ஒரே மாதிரி நிற்காது, இரண்டாம் அடுக்கிலேயே 11, 3 என்று மாறும். ஒவ்வொரு அடுக்கிலும் முந்தைய மீதி எதனால் பெருக்கப்படுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அது ஏன் ஒருபோதும் பூஜ்யமாகாது என்பதும் தெரிந்துவிடும். கண்டுபிடித்தவர்கள் கீழே எழுதுங்கள்.